தாய் வர முடியாத ஊரில் ஒரு பிரசவம்

திருச்சி மலைக்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் தாயுமானவரின் கதை நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். இரத்தினாவதி என்ற செட்டிப்பெண் நிறைமாத கர்ப்பிணி. அவளுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்பிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிட்டது. அவளுடைய வேண்டுதலைக் கேட்ட சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம்.

சின்ன வயதில் இந்தக் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டபோது, கடவுளின் அதிசயம்தான் மனத்தில் நின்றது. 34 ஆண்டுகள் பிரசவ வார்டில் வேலை பார்த்து 2019ல் ஓய்வு பெற்ற பிறகு, வேறொன்று கண்ணில் படுகிறது. இறைவன் ஒரு பெரிய வைத்தியராக வந்திருக்கலாம். ஊர் மருத்துவச்சியாக வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பழகிய முகத்தோடு வந்தார். பிரசவ நேரத்தில் ஒரு பெண்ணுக்கு எது தேவை என்பதை அந்தக் கதையைக் கட்டியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

நாம் வாழும் ஜாம்ஷெட்பூரில் காவிரி இல்லை. ஆனாலும் நம் பெண்களுக்கும் அவர்களுடைய தாய்மாருக்கும் நடுவே ரயிலில் இரண்டு இரவுத் தூரம் கிடக்கிறது. அந்தத் தூரம் ஒரு கர்ப்பிணியின் மனத்தை என்ன செய்கிறது, அதற்கு மருத்துவச்சிகளாலும் குடும்பத்தாராலும் என்ன செய்ய முடியும் என்று ஆராய்ச்சிகள் சொல்வதை நம் சங்க மலர் வாசகர்களுக்கு எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக எண்ணியிருந்தேன். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி

1993ஆம் ஆண்டு. நான் கர்ப்பிணிகள் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண் மாதாமாதம் வருவாள். (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அது அவளுக்கு இரண்டாவது கர்ப்பம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் முறைப்படி நடந்திருந்தது. இரண்டாவதற்கு ஊருக்குப் போக வழியில்லை. மூத்த பெண் குழந்தை பள்ளியில் சேர்ந்திருந்தாள். கணவருக்கு ஷிப்டு வேலை. அவளுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்த பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இந்தி சரியாக வராது. ஆகவே தமிழ் பேசும் நர்ஸ் என்று என்னைத் தேடித்தான் வருவாள்.

ஐந்தாம் மாதம் வந்தபோது, "அக்கா, ராத்திரி உறக்கமே வரமாட்டேங்கு" என்றாள். "வயிறு பெரிசாகுதுல்லா, அப்படித்தான் இருக்கும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு" என்றேன். ஆறாம் மாதம், "சோறு இறங்கமாட்டேங்குக்கா" என்றாள். மசக்கை இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தேன். ஏழாம் மாதம், "இதுவும் பொட்டப்பிள்ளையா இருந்தா என்னக்கா செய்ய?" என்று கேட்டாள். வெளியே வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். "எதுவானாலும் நல்லபடியா பிறக்கட்டும், போ" என்று சிரித்தபடியே அனுப்பிவிட்டேன்.

அவளுடைய அட்டை இன்றும் என் கண்முன் நிற்கிறது. எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சத்து, கருப்பையின் உயரம், குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் என் கையெழுத்தில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே 'சரி' என்று குறித்திருந்தேன்.

எட்டாம் மாதம் ஒரு விடியற்காலையில் அவளை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்கவில்லை.

மூன்று மாதம் அவள் என்னிடம் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறாள். "மனசுக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை. எனக்கு யாரும் அப்படிக் கேட்கச் சொல்லித் தரவில்லை என்பது உண்மை. அதைச் சொல்லி என்னை நான் சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை என்பதும் உண்மை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

சாதாரண அழுகையும் நோயும்

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் பல தாய்மார்கள் காரணமில்லாமல் அழுவார்கள். கர்ப்ப காலத்தில் உடலில் மிகுந்திருந்த ஹார்மோன்கள் பிள்ளை பிறந்ததும் சட்டென்று இறங்குவதும், தூக்கமின்மையும், பால் கட்டும் வலியும் இதற்குக் காரணங்கள். இரண்டு வாரத்துக்குள் தானாகவே தெளிந்துவிடும். இது நோய் அல்ல.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது, ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் கடுமையான மனக்கலக்கம். பிரசவமான சில நாட்களில் தாய்க்குத் தூக்கம் அறவே போய்விடும். இல்லாத குரல் கேட்கும். குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் வரும். நம் ஊரில் இதை 'ஜன்னி' என்றும், 'காற்று சேஷ்டை' என்றும் சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். இது அவசர நிலை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நம் கண்ணில் படாமல் தப்புவது. அதுவே மனச்சோர்வு நோய். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, படுத்தாலும் தூக்கம் வராதது, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, ஓயாத பயம் ஆகியவை இதன் அடையாளங்கள். நம் பெண்கள் 'மனசு சரியில்லை' என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். தலைவலி, அசதி, நெஞ்சு படபடப்பு என்று உடம்பின் பேரில்தான் சொல்வார்கள். கர்ப்பத்திலும் அசதி, தூக்கக் குறைவு, பசியின்மை எல்லாம் சகஜம் என்பதால், நோய் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. நான் ஏமாந்ததும் அங்கேதான்.

இது பிரசவத்துக்குப் பிறகு மட்டும் வருவதும் அல்ல. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 15.6 பேருக்கும், பிரசவித்த தாய்மாரில் நூற்றுக்கு 19.8 பேருக்கும் இத்தகைய மனநலக் குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கோவாவில் டாக்டர் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2002ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமாகி 6 முதல் 8 வாரமான தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் 78 சதவீதத்தினருக்குக் கர்ப்பமாக இருக்கும்போதே மன உபாதை தொடங்கியிருந்தது. அதாவது, பிள்ளை பிறந்த பிறகு நாம் கண்டுபிடிக்கும் நோயில் பெரும்பகுதி, மாதாமாதம் அந்தப் பெண் பரிசோதனைக்கு வந்து நம் முன்னே உட்கார்ந்திருந்த போதே இருந்திருக்கிறது.

அதே 2002ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமப் பெண்களிடையே நடந்த ஆய்வும் வெளியானது. அங்கே பிரசவத்துக்குப் பின் புதிதாக நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு அதிகம் வந்தது என்றும் பார்த்தார்கள். வருமானம் குறைந்தவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் துன்பமான நிகழ்ச்சிகளைச் சந்தித்தவர்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பெற்றவர்கள். இந்தப் பட்டியலைப் படித்தபோது சங்கரன்கோவில் பெண்ணின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

பத்துக் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ் என்ற மனநல மருத்துவர் இருந்தார். 1970களில் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் வேலை பார்த்து, அங்கே 263 கர்ப்பிணிகளின் மனநிலையை ஆராய்ந்தவர். பிறகு ஜெனிபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி என்ற இரு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, 1987ல் 'எடின்பரோ அளவுகோல்' என்ற கேள்வித்தாளைக் கொண்டுவந்தார். மொத்தம் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, வீணாக உன்னையே பழித்துக்கொண்டாயா, காரணமில்லாத பயம் வந்ததா, அழுகை வந்தததா என்கிற ரீதியில் போகும். பத்தாவது கேள்வி, உயிரைப் பற்றிய விபரீத எண்ணம் வந்ததா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 30.

இதன் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்றால், கர்ப்பிணிக்கும் தாய்க்கும் இயல்பாக உள்ள உடல் அசதியைப் பற்றி இது கேட்பதே இல்லை. தூக்கத்தைப் பற்றிக்கூட, மனவருத்தத்தால் தூக்கம் கெட்டதா என்றுதான் கேட்கும். ஐந்து நிமிஷ வேலை. டாக்டர்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. தமிழ் வடிவத்தையும் வேலூரில் சரிபார்த்து 2005ல் வெளியிட்டிருக்கிறார்கள். மதிப்பெண் அதிகமானால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. டாக்டர் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். பத்தாவது கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வந்தால், கூட்டுத்தொகை எதுவானாலும் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

'இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா?' என்று பல மாமியார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. அந்த எண்ணம் உள்ளவர்களுக்கு, ஒருவர் கேட்டதே பாரத்தில் பாதியை இறக்கி வைத்தது போல இருக்கும்.

கேட்பதனால் குணமாகுமா?

கேட்டுவிட்டு என்ன செய்வது? இங்கேதான் மருத்துவச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சிகள் வருகின்றன. 1989ல் ஹோல்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சிறியது, 50 தாய்மார்கள்தான். ஒரு பகுதியினருக்கு வீடு தேடி வரும் சுகாதார நர்ஸ் வாரம் ஒருமுறை வீதம் எட்டு வாரம் உட்கார்ந்து, அறிவுரை சொல்லாமல், அவர்கள் பேசுவதைக் கேட்டார். அந்த 26 பேரில் 18 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் 9 பேர் தேறினார்கள்.

பிறகு இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்து 36 மருத்துவ நிலையங்களில், 2,064 தாய்மாரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்து 2002ல் வெளியானது. பாதி நிலையங்களில் மருத்துவச்சிகள் பிரசவத்துக்குப் பிறகும் கூடுதல் நாட்கள் வீட்டுக்குப் போய், தாயின் உடம்பையும் மனத்தையும் முறையாக விசாரித்து, அவரவர் தேவைக்குத் தக்கபடி கவனித்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தத் தாய்மாரிடையே மனச்சோர்வு தெளிவாகவே குறைந்திருந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பேச்சும் பலன் தருவதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் சிசேரியன், ஆயுதப் பிரசவம் முதலியவற்றால் பிள்ளை பெற்ற 1,041 பெண்களிடையே 2000த்தில் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவச்சி ஒரே ஒரு தடவை மட்டும் உட்கார்ந்து பிரசவ அனுபவத்தைப் பேசவைத்தார். ஆறு மாதம் கழித்து அதனால் எந்த நன்மையும் தெரியவில்லை. ஒரு நாள் வந்து விசாரித்துவிட்டுப் போவது போதாது. பழகிய ஒருவர் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

இதைத்தான் 'தொடர் கவனிப்பு' என்கிறார்கள். கர்ப்பம் தொடங்கியதிலிருந்து பிரசவம் முடிந்து தேறும் வரை ஒரே மருத்துவச்சி, அல்லது ஒருவரையொருவர் அறிந்த சிறு குழு பார்த்துக்கொள்வது. இந்த முறையைப் பற்றி 15 ஆய்வுகளை, 17,674 பெண்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2016ல் வந்தது. இயற்கைப் பிரசவம் கூடுகிறது, ஆயுதப் பிரசவம் குறைகிறது, பெண்களுக்கு மனநிறைவு அதிகம் என்று அது கண்டது. அந்த ஆய்வுகள் எல்லாம் பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. நம் நாட்டில் 2018 டிசம்பரில்தான் மத்திய அரசு மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, நர்சுகளுக்கு 18 மாதத் தனிப் பயிற்சியை வகுத்தது. தெலங்கானா 2017லேயே தொடங்கியிருந்தது. எல்லா ஊர்களுக்கும் இது வந்து சேர நாளாகும்.

நம் பக்கத்து ஊர் காட்டிய வழி

அதுவரை என்ன செய்வது? பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் மனச்சோர்வு கண்ட கர்ப்பிணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயே வசிக்கும் சுகாதாரப் பணிப்பெண்கள் கடைசி மாதத்தில் தொடங்கி 16 தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் நோய் நீடித்தது. மற்றவர்களிடையே நூற்றுக்கு 53 பேருக்கு நீடித்தது. இது 2008ல் வெளியானது. பின்னர் இதே முறையை உலக சுகாதார நிறுவனம் கைநூலாகவே வெளியிட்டது.

இன்னும் அருகிலேயே உதாரணம் இருக்கிறது. நம் ஜாம்ஷெட்பூரிலிருந்து சிறு ரயில் பயணத்தில் உள்ளது சக்ரதர்பூர். அங்குள்ள 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு, மேற்கு சிங்பூம், சராய்கேலா-கர்சவான், ஒடிசாவின் கேவ்ஞ்சர் மாவட்டங்களின் ஆதிவாசிக் கிராமங்களில் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டியது. தாய், சேய் நலத்தில் உள்ள பிரச்சினைகளைக் கதையாகவும் படமாகவும் பேசி, வழிகளைப் பெண்களே கண்டார்கள். 2010ல் முடிவு வெளியானது. பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைந்திருந்தது. தாய்மாரின் மனச்சோர்வில் மொத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும், மூன்றாம் ஆண்டில் நடுத்தர அளவு மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்திருந்தது. மாதம் ஒருமுறை பெண்கள் கூடிப் பேசுவதற்கு இவ்வளவு பலன். நம் சங்கத்தில் விஜயதசமிக்கும் பொங்கலுக்கும் கூடுகிறோம். மாதம் ஒருமுறை கர்ப்பிணிகளும் இளம் தாய்மாரும் கூட ஓர் அறை திறந்து வைப்பது நம்மால் முடியாததா?

நம் வீடுகளில் செய்யக்கூடியவை

1. பரிசோதனைக்குக் கணவரோ வீட்டுப் பெரியவரோ கூடப் போங்கள். இந்தி தெரியாத பெண்ணுக்கு மொழி தெரிந்த ஒரு பெண் துணை வேண்டும். ஆனால் அவள் நர்சிடம் தனியாகப் பேசவும் ஐந்து நிமிஷம் விட்டுக்கொடுங்கள்.

2. "உடம்பு எப்படி இருக்கு?" என்பதோடு நிறுத்தாமல், "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே புத்தி சொல்லாதீர்கள்.

3. இரண்டாவது பிரசவத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பும் தாய் வீடும் உண்டு. இரண்டாவதற்கு நம் பெண்கள் பெரும்பாலும் இங்கேயே தனியாக இருக்கிறார்கள். மூத்த குழந்தையைப் பள்ளியில் விட, ஒரு வேளை ரசமும் சோறும் கொடுக்க, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளலாம்.

4. ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா என்ற பேச்சை அந்த வீட்டில் எடுக்காதீர்கள்.

5. முன்பு மனநோய்க்கு மருந்து சாப்பிட்டவர், கர்ப்பமானதும் தானாக நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தரக்கூடிய மருந்துகள் உண்டு. டாக்டர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்.

6. உதவி தேவைப்பட்டால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணைக் கூப்பிடலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை இது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். ராஞ்சியில் 1918 முதல் இயங்கும் மத்திய மனநல மருத்துவமனை நமக்கு அருகில் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்சில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துச் சிகிச்சை தரும் தனிப்பிரிவு 2009ல் தொடங்கப்பட்டது. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

சங்கரன்கோவில் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சரியாக இராது. சிகிச்சையில் அவள் தேறினாள். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் உண்டானபோது நேராக என்னிடம்தான் வந்தாள். என் மேல் கோபம் இல்லையா என்று கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை. இந்தத் தடவை எடை பார்ப்பதற்கு முன்பே, "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்பம் கேக்கியளேக்கா" என்று அழுதாள். வரிசை வெளியே நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது மாதமும் நானே பார்த்தேன். பிரசவத்தன்று எனக்கு ட்யூட்டி இல்லை. ஆனாலும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண் குழந்தை, மூன்று கிலோ. நான்காம் நாள்தான் அவள் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்.

நம் தெருவில் அடுத்த வீட்டுக்கு ஒரு கர்ப்பிணி வந்திருக்கலாம். அவள் அம்மா வந்து சேரும் வரை அந்த இடத்தில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். சகோதரிகளே, நாளைக் காலையே ஒரு டம்ளர் காபியோடு போய் அவள் கதவைத் தட்டுங்கள்.